ஏழு மணிச் சிரிப்புக்கு நாலு மணி விழிப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படிக்கும் மகன் சி.ஏ. ஆவான் என்று நீங்கள் மனத்துக்குள் ஐந்தொகை போட்டு வைத்திருக்க, அவனோ வானொலியில் காலை நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தப்போவதாகச் சொல்கிறான். "வாயடிப்பதற்குச் சம்பளம் தருவார்களா?" என்று காரைக்குடியிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். தருகிறார்கள். ஆனால் வாயடிப்பதற்கு அல்ல.

காலை ஏழு மணிக்குக் கேட்கும்போது இரண்டு பேர் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வம்பளப்பதுபோலத்தான் இருக்கும். அதற்காக அவர்கள் நாலு மணிக்கே எழுந்திருப்பார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே பேசும் ஒரு நிமிடத்தை 'லிங்க்' என்பார்கள். எந்தச் சொல்லில் சிரிப்பு வெடிக்க வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்கள். இருவர் நடத்தினால் ஒருவர் சிரிக்க வைக்க, மற்றவர் வழிவிட வேண்டும், வழிவிடுவதுதான் கடினம். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லாததால், ஊர்க்கதையும் நையாண்டியும்தான் அவர்களுடைய கைச்சரக்கு. ஒரு நாள் யாராலும் பேச முடியும். ஐந்நூறாவது நாள் என்ன பேசுவது?

தென்கச்சி கோ. சுவாமிநாதனை நீங்கள் வானொலியில் கேட்டிருப்பீர்கள். 'இன்று ஒரு தகவல்' என்று பல ஆண்டுகள் காலையில் சில நிமிடங்கள் பேசினார். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் படித்தது வேளாண்மை. வானொலிக்குள் நுழைந்ததும் பண்ணை ஒலிபரப்பு வழியாகத்தான். ஆகவே பி.காம். சேர்ந்தால் கனவு கெட்டுவிடும் என்று உங்கள் மகன் முரண்டு பிடிக்கத் தேவையில்லை.

பஸ் நிலையத்துக் கண்டக்டர் "தேவகோட்டை, திருவாடானை, தொண்டி" என்று கூவுவதை அப்படியே செய்து காட்டுகிறானாமே. நல்ல காது! ஆனால் அது மிமிக்ரியோடு நின்றுவிடும். சில்லறை கேட்ட அந்தக் கண்டக்டருக்குப் பின் சீட்டில் இருந்த ஆச்சி என்ன பதில் சொன்னார் என்று கவனித்து வந்து சொன்னால், அதுதான் நிகழ்ச்சி.

முப்பது நாள் ஒரு வேலை கொடுங்கள். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு, முந்தைய நாள் ஊரில் பார்த்த ஒன்றைப் பற்றித் தொண்ணூறு நொடி பேசிக் கைபேசியில் பதிய வேண்டும். சினிமா நகைச்சுவை கூடாது. யாருடைய உடலையும் சாதியையும் கேலி செய்யக் கூடாது. பத்தாம் நாள் வாக்கில் சரக்கு தீர்ந்துபோகும். அப்போது என்ன செய்கிறான் என்று பாருங்கள்.

கல்லூரிக் காலத்தில் அகில இந்திய வானொலியின் தற்காலிக அறிவிப்பாளர் தேர்வு எழுதலாம். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, பிறகு 'வாணி' என்னும் அறிவிப்பாளர் பயிற்சி. மாதத்தில் சில நாள் பணிதான் கிடைக்கும். அது கைச்செலவுக்கு ஆகும், குடும்பத்துக்கு ஆகாது. தனியார் நிலையங்களுக்கு இப்போதைக்கு மதுரையோ திருச்சியோ போக வேண்டும். 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் பண்பலை ஏலத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பட்டியலில் காரைக்குடியும் உண்டு. அதை நம்பிப் படிப்பை விட வேண்டாம். ஆரம்பச் சம்பளம் உங்கள் கடைக் கணக்குப்பிள்ளை வாங்குவதைவிடக் குறைவாக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன்.

முப்பது பதிவும் சேர்ந்ததும் அவனை அழைத்து வாருங்கள். கடைசி மூன்றை மட்டும் கேட்கிறேன்.