சலூனில் எதைப் பார்ப்பது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இறுதிப் பருவ ஆய்வேட்டுக்கு எங்கள் தெருமுனையில் இருக்கும் சலூனை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். முப்பது வருடங்களாக இருக்கும் கடை. சின்ன வயதில் அப்பாவோடு போய் அங்கே முடி வெட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் அவருடைய நண்பர்களும் அங்கேதான் கூடுவார்கள். அரசியல், சினிமா, கிரிக்கெட் என்று பேச்சு ஓடும். ஆட்டோ ஓட்டுநரும் வங்கி மேலாளரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சமமாகப் பேசும் இடம் எங்கள் பகுதியில் வேறு இல்லை. அந்தப் பண்பாட்டைத்தான் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இரண்டு சிக்கல்கள். தலைப்பு சரி, ஆய்வுக் கேள்வி என்ன என்று நெறியாளர் கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, இந்த வயதில் ஒரு பெண்ணாக நான் அந்தக் கடையில் போய் உட்கார முடியாது. யாரையாவது வைத்து அங்கே நடக்கும் பேச்சை ஒலிப்பதிவு செய்தால் போதுமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

நல்ல தலைப்பு, விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அப்பா வருகிறார், நண்பர்கள் வருகிறார்கள், ஆட்டோ ஓட்டுநரும் வங்கி மேலாளரும் வருகிறார்கள். முடி வெட்டுகிறவர் மட்டும் வரவில்லை. முப்பது வருடங்களாக அந்தக் கடையில் நின்றுகொண்டிருப்பவர் அவர்தான். உங்கள் ஆய்வு அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சை மட்டும் எழுதினால் டீக்கடையைப் பற்றி எழுதுவதற்கும் சலூனைப் பற்றி எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்காது.

கிராமத்தில் பழைய ஏற்பாடு என்னவென்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். முடிதிருத்துபவர் வீடு வீடாகப் போவார். கொல்லைப்புறத்திலோ மரத்தடியிலோ வைத்து வேலை நடக்கும். கூலி காசாக வராது, அறுவடையின்போது களத்தில் நெல்லாக அளப்பார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வதும், சாவு வீட்டில் பல சடங்குகளும் அவர் பொறுப்பு. கூப்பிட்டால் போயாக வேண்டும். முடியாது என்று சொல்லும் உரிமை கிடையாது. அவரோ அவர் மகனோ டவுனுக்கு வந்து, வாடகைக்கு ஓர் அறை பிடித்து, எதிரும் புதிருமாகக் கண்ணாடி மாட்டி, சுழல் நாற்காலி போட்டு, வாசலில் ஒரு பெயர்ப்பலகை வைத்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை அவர் மற்றவர்களைத் தேடிப் போனார். இப்போது மற்றவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள், தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள், வேலை முடிந்ததும் கையில் காசு கொடுக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலான ஊர்களில் செவ்வாய்க்கிழமை, அவர் கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருக்கலாம். நீங்கள் ரசிக்கிற அந்தப் பெஞ்ச் இப்படி வந்ததுதான்.

உங்கள் கடையில் இந்த மாற்றம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கக் கருத்துக்கணிப்பு எல்லாம் வேண்டாம். யார் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். இளைஞர்கள் ‘அண்ணே’ என்பார்கள், சிலர் ‘மாஸ்டர்’ என்பார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்து, ஐம்பது வயதுக் கடைக்காரரை ‘என்னடா’ என்று ஒருமையில் கூப்பிடுவார். வயது வித்தியாசம் என்று நினைப்பீர்கள். அதே பெரியவர் பக்கத்து மளிகைக் கடைக்காரரை எப்படி அழைக்கிறார் என்று பாருங்கள். இதை ஒரு மாதம் குறித்து வைத்தால் நெறியாளருக்குக் காட்ட ஓர் அத்தியாயமே இருக்கும்.

அடுத்து, எல்லோரும் சமமாக உட்காருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உட்காருகிறவர்கள் சமமாக உட்காருகிறார்கள். வராதவர்கள் யார்? தமிழ்நாட்டில் இன்னும் பல கிராமங்களில் தலித்துகளுக்கு உள்ளூர் சலூனில் முடி வெட்ட மாட்டார்கள். அவர்கள் பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போகிறார்கள். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், கடைகளில் நுழையச் சாதி முதலியவற்றைக் காட்டித் தடுக்கக் கூடாது என்ற விதி (இன்று அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு) விவாதத்துக்கு வந்தபோது, ‘கடை’ என்பதில் சலவைக் கடையும் சவரக் கடையும் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. அடங்கும் என்று அம்பேத்கர் பதில் சொன்னார். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இப்படிச் சேவையை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனாலும் நடக்கிறது.

இதை எழுதும்போது பழியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். மறுப்பது சலூன்காரர் வாயால் வரும். ஆனால் அவர்களுக்கு வெட்டினால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லும் ஆதிக்க சாதிக்காரர்கள் பின்னால் இருப்பார்கள். அவருக்கு அந்த ஊரில் நிலம் இருக்காது, ஆள்பலம் இருக்காது, கடை இருக்கும் இடமே அவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம். இதைச் சொல்வதால் மறுப்பு நியாயமாகிவிடாது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் ஆய்வு அநியாயமாகிவிடும். திருச்சி மாதிரி நகரத்தில் உங்கள் தெருவுக்கு இது பொருந்தாது என்று தோன்றலாம். சரி, உங்கள் பகுதியின் தூய்மைப் பணியாளர்கள் எங்கே முடி வெட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பேச்சு. தமிழ்நாட்டு அரசியலில் சலூனுக்கு உண்மையிலேயே பெரிய இடம் உண்டு. 1942-இல் தொடங்கிய தினத்தந்தி எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களையும் எட்டியது என்றால், டீக்கடைக்கும் சலூனுக்கும் அதில் பங்கு உண்டு. ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டார்கள். திராவிட இயக்கப் பத்திரிகைகளும் இப்படித்தான் பரவின. தூத்துக்குடியில் ஒருவர் தன் சலூனுக்குள்ளேயே நூலகம் வைத்து, காத்திருக்கும்போது புத்தகம் படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தருகிறார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

ஆனால் அந்தப் பேச்சை நடத்துகிறவர் யார் என்று பாருங்கள். எந்தக் கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் முகம் கோணாமல் வேலை முடிய வேண்டும், அடுத்த மாதமும் அவர் வர வேண்டும். இரண்டு பேருக்குள் சூடு ஏறினால் கடைக்காரர் டிவி சேனலை மாற்றுவார், கழுத்தைக் கொஞ்சம் குனியச் சொல்வார், டீ வாங்க ஆள் அனுப்புவார். கத்தரியைப் பிடிப்பது போலவே இதுவும் அவர் தொழிலில் ஒரு பகுதி, இதற்குத் தனிக் கூலி கிடையாது. அவர் எப்போது பேசுகிறார் என்பதைவிட, எந்தப் பேச்சு வந்தால் பேசாமல் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதிக் கலவரம், தேர்தல், ஊரில் நடந்த காதல் கல்யாணம் எல்லாம் வரும்போது கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கும்.

பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். நேரடியாக வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் கூச்சப்படுகிறவர்கள்கூடக் கருவிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். தோல்வாரில் தீட்டிய சவரக்கத்தியை எப்போது விட்டார்? 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் விழிப்புணர்வுப் பிரசாரம் ஊரெங்கும் போனது. ‘புது பிளேடு போடுங்க’ என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகுவது அதன் பிறகு எங்கும் வழக்கமானது. மெஷின் எப்போது வந்தது, படிகாரக் கட்டி இன்னும் இருக்கிறதா, குழந்தைகளை உட்கார வைக்க நாற்காலிக் கைகளின் மேல் போடும் பலகை யார் செய்தது என்றெல்லாம் கேளுங்கள். கால்வலி பற்றியும் கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலை, பலருக்குக் காலில் நரம்பு சுருண்டு நிற்கும். தீபாவளிக்கு முந்தைய இரவு எத்தனை மணிவரை கடை, மறுநாள் அவர் எத்தனை மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தார் என்பதும் பண்பாடுதான். பள்ளிப் பையன்களின் ‘புள்ளிங்கோ கட்டிங்’ பற்றியும் விசாரியுங்கள். சில ஊர்களில் தலைமையாசிரியர்கள் சலூன்காரர்களுக்கே கடிதம் எழுதினார்கள். பையன் கேட்பதற்கும் பள்ளிக்கூடம் கேட்பதற்கும் நடுவில் நிற்பவர் அவர்.

எனக்கு மனதுக்கு நெருக்கமான ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முடிதிருத்தும் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்தவர்கள். கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து போடுவது, மூலிகை அறிவு எல்லாம் அவர்களிடம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். 1914-இல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்து, பட்டம் உள்ளவரே பதிவு பெற்ற மருத்துவர் என்று ஆனது. பண்டிதர் எஸ்.எஸ். ஆனந்தம் போன்றவர்கள் சித்த மருத்துவத்துக்காகவும் தங்கள் சமூகத்தின் மரியாதைக்காகவும் சேர்த்தே போராடினார்கள். ஆனாலும் ஊர் அவர்களிடமிருந்து மருத்துவத்தை எடுத்துக்கொண்டு கத்தரியை மட்டும் விட்டுவைத்தது.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டிய ஓர் ஆய்வு 2018-இல் அமெரிக்காவில் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கறுப்பினத்தவர்களின் 52 சலூன்களில், ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காத 319 வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக் கடைகளுக்கு மருந்தாளுநர்களே நேரில் வந்து மருந்து கொடுத்துக் கவனித்தார்கள். மற்றக் கடைகளில் முடிதிருத்துபவர் எடுத்துச் சொல்லி டாக்டரைப் பார்க்க அனுப்பினார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளிகள் குறைந்தது, மற்றதில் 9. மருத்துவமனையை நம்பாதவர்கள் தங்கள் சலூனை நம்பினார்கள். நம் ஊரில் அந்த நம்பிக்கை நூறு வருடம் முன்பே இருந்தது. உங்கள் கடைக்காரர் வீட்டில் வைத்தியம் பார்த்த தாத்தாவோ, பிரசவம் பார்த்த பாட்டியோ இருந்தார்களா என்று அவசியம் கேளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது சிக்கல். நீங்கள் உள்ளே உட்கார முடியாது என்பதையே ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எல்லோருக்குமான இடம் என்பதில் பெண்கள் இல்லை என்பது சின்ன விஷயமில்லை. எந்த வயதில், யார் சொல்லி அங்கே போவதை நிறுத்தினீர்கள் என்று அம்மாவிடம் பேசுங்கள். ஆனால் வழிகளும் இருக்கின்றன. வேலை நாட்களில் காலை பதினொரு மணிக்கு மேல் கடை காலியாக இருக்கும். உறவில் சின்னப் பையன் இருந்தால் அவனைக் கூட்டிப்போங்கள், அம்மாக்களும் அத்தைகளும் அப்படி வருவது வழக்கம்தான். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் பேசுங்கள். ஒரு ஆண் ஆய்வாளருக்குக் கிடைக்காத பாதிக் கதை அங்கே உங்களுக்குக் கிடைக்கும். பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்களா, பள்ளியில் அப்பாவின் வேலை என்ன என்று கேட்டபோது என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். கடையில் உதவிக்கு வட மாநிலத்துப் பையன் இருந்தால் அவனிடமும் பேசுங்கள். வேறு சாதிக்காரர்கள் முதல் போட்டு ஏசி சலூன் திறப்பதைப் பற்றிக் கடைக்காரர் என்ன நினைக்கிறார்? சாதித் தொழில் என்ற கட்டு உடைகிறது என்று சிலர் மகிழ்கிறார்கள், இழிவு எங்களுக்கு, லாபம் அவர்களுக்கா என்று சிலர் கோபப்படுகிறார்கள். இரண்டுமே எனக்கு நியாயமாகப் படுகிறது. 2020 ஊரடங்கில் ஏறத்தாழ இரண்டு மாதம் கடை மூடியிருந்தபோது எப்படிச் சமாளித்தார், முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா, பணம் வந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவு பற்றி: யாரையாவது அனுப்பி ரகசியமாகப் பதிவு செய்வதை நினைக்கவே வேண்டாம். கடைக்காரரிடம் என்ன செய்கிறீர்கள் என்று முதல் நாளே சொல்லுங்கள். கடை பெயரையும் அவர் பெயரையும் மாற்றி எழுதினாலும் உங்கள் தெருக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே வாடிக்கையாளர்களைப் பற்றி அவர் சொன்னதில் எது வெளியே வந்தால் அவருடைய பிழைப்புக்கு ஆபத்தோ, அதை விட்டுவிடுங்கள். எவ்வளவு நல்ல தகவலாக இருந்தாலும் சரி. எழுதி முடித்ததும் தமிழில் ஒரு பிரதி எடுத்து, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் தப்பு என்று சொல்வதைத் திருத்திவிட்டு, அதன் பிறகு பல்கலைக்கழகத்தில் கொடுங்கள்.

அன்புடன்.