தம்பியின் சோதனையில் 'நீர்த்த மாதிரி' என்று வந்ததற்கு

நீதிமன்றக் கண்காணிப்பில் போதைமீட்புத் திட்டத்தில் இருக்கும் உங்கள் தம்பியின் சிறுநீர்ச் சோதனை 'நீர்த்த மாதிரி' என்று வந்திருக்கிறது, தண்ணீர்தான் அதிகம் குடித்தேன் என்கிறார், வெள்ளிக்கிழமை விசாரணை என்று எழுதியிருந்தீர்கள்.

அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பொதுவாக நீர்த்தது என்பார்கள். சோதனைக்கு முன் மடமடவென்று தண்ணீர் குடித்தாலே அப்படி ஆகலாம். ஆனால் மறைக்க நினைப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்பதால் பல திட்டங்களில் இது 'பாசிட்டிவ்', அதாவது போதைப்பொருள் எடுத்ததாகக் கணக்கில் சேரும்.

வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம். தம்பியே இன்று கேஸ் மேனேஜரை, அதாவது திட்டத்தில் அவரைக் கவனித்துக்கொள்ளும் அலுவலரை, கூப்பிட்டுப் பேசட்டும். நீங்கள் பேசினால், தன் விவரங்களை யாரிடம் சொல்லலாம் என்று தம்பி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டால், கேஸ் மேனேஜர் வாயே திறக்க மாட்டார், கோபப்படாதீர்கள். பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே நீதிபதி, வழக்கறிஞர்கள், சிகிச்சையாளர் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுவார்கள். அங்கே தம்பியின் வழக்கறிஞரோடு அந்தக் கேஸ் மேனேஜரும் அவர் பக்கத்தை எடுத்துச் சொல்லலாம். உண்மையிலேயே ஏதாவது எடுத்திருந்தால் அதையும் அவரிடம் இன்றே சொல்லிவிடட்டும். சறுக்கலுக்குச் சிகிச்சையைக் கூட்டலாம், பொய்யை நீதிபதிகள் லேசில் விடுவதில்லை.

அப்புறம், மறுசோதனை கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் காலை முதல் சிறுநீர். அதுதான் அடர்த்தியாக இருக்கும்.