நாலு வாரம் அமெரிக்கா போயிட்டு வந்தா ரெசிடென்சி கிடைச்சிடுமா?

கேள்வி: என் பொண்ணு அரசு மெடிக்கல் காலேஜ்ல ஃபைனல் இயர் படிக்கிறா. அமெரிக்காவுல ரெசிடென்சி, அதாவது அங்கத்த பிஜி ட்ரெயினிங், பண்ணணும்னு ஆசை. நாலு வாரம் அங்க ஹாஸ்பிடல்ல இருந்துட்டு வந்தா சீட் ஈசின்னு ஒரு ஏஜென்சி லட்சக்கணக்குல கேக்குது. கட்டலாமா? – வாசகர், திருச்சி

பதில்: அவங்க தர்றது எலெக்டிவா அப்சர்வர்ஷிப்பா, அதை முதல்ல கேளுங்க சார். அப்சர்வர்ஷிப்னா ஓரமா நின்னு பாக்குறது மட்டும்தான், பேஷன்ட் மேல கை வைக்க விடமாட்டாங்க. எலெக்டிவ் அப்படி இல்ல, ஸ்டூடண்டா அங்க டீம்ல சேர்ந்து வேலை பாக்குறது, ரவுண்ட்ஸுக்கு முன்னாடியே போய் தனக்குக் குடுத்த பேஷன்ட்டைப் பாத்து, ராத்திரி என்னாச்சு, லேப் ரிசல்ட் என்னன்னு கையில வெச்சுக்கிட்டு அட்டெண்டிங் (டீமுக்குப் பொறுப்பான சீனியர் டாக்டர்) முன்னாடி கேஸ் சொல்லணும். நம்ம பசங்க ஹிஸ்டரி, எக்ஸாமினேஷன் எல்லாம் பிரமாதமா சொல்லி டயக்னோசிஸ்ல நிறுத்திடுவாங்க, அங்க அதுக்கப்புறம்தான் கேள்வியே ஆரம்பிக்கும், சரி இன்னிக்கு இவருக்கு என்ன பண்ணப் போறேன்னு. அதுக்குத் தெளிவா பதில் சொல்ற ஸ்டூடண்டுக்குத்தான் நல்ல சிபாரிசு லெட்டர் கிடைக்கும்.

அந்த லெட்டர்தான் சார் விஷயமே. அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சையில (USMLE) முதல் கட்டமான ஸ்டெப் 1 எக்ஸாம் 2022 ஜனவரியில இருந்து வெறும் பாஸ், ஃபெயில்தான், மார்க் கிடையாது. அதனால இப்ப எல்லாரும் பாக்குறது ஸ்டெப் 2 ஸ்கோரையும், அங்கயே ட்ரெயினிங் குடுக்குற டாக்டர் "இந்தப் பொண்ணு என் டீம்ல வேலை செஞ்சா"ன்னு எழுதுறதையும்தான். லெட்டரை டாக்டரே நேரா ஆன்லைன்ல ஏத்துவார், ஒரு புரோகிராமுக்கு அதிகபட்சம் நாலு லெட்டர் அனுப்பலாம். ஊருக்குத் திரும்பி வந்து மெயில்ல கேக்குறதை விட கடைசி வாரத்துல நேர்ல கேக்குறது நல்லது.

ஆனா எலெக்டிவ் போனா சீட் நிச்சயம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ரெசிடென்சி சீட் ஒதுக்குற முறைக்கு மேட்ச்னு பேரு, 2024 மேட்ச்ல அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மெடிக்கல் காலேஜ் பட்டதாரிகள்ல 58.5 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைச்சுது. ஸ்டெப் 2 ஸ்கோர் சுமாரா இருந்தா எலெக்டிவால அதை ஈடுகட்டுறது ரொம்பக் கஷ்டம், கையில இருக்குற காசு ஒண்ணுக்குத்தான் போதும்னா அதைப் பரீட்சைக்கும் படிப்புக்கும் போடுங்க. இங்கயே பிஜி பண்றதா இருந்தா எலெக்டிவால ஒரு பிரயோஜனமும் இல்ல, நீட் பிஜிக்கு ரேங்க் மட்டும்தான்.

இன்னொண்ணு, டைம். எலெக்டிவ் ஸ்டூடண்டா இருக்குறப்பதான் கிடைக்கும், டிகிரி வாங்கிட்டா பெரும்பாலான யுனிவர்சிட்டி ஹாஸ்பிடல்ல கதவை மூடிடுவாங்க, அப்புறம் அப்சர்வர்ஷிப்தான் கதி. பல இடத்துல ஸ்டெப் 1 பாஸ் பண்ணியிருக்கணும்னு கேப்பாங்க, தடுப்பூசி ரெக்கார்டு, இன்சூரன்ஸ், டீன் லெட்டர்னு பேப்பர் வேலையே மாசக்கணக்குல இழுக்கும், விசாவுக்கு வேற தனியா டைம் வேணும். அதனால இப்பவே டீன் ஆபீஸ்ல விசாரிச்சு, யுனிவர்சிட்டிகளுக்கு அவளே நேரா அப்ளை பண்ணட்டும்.

ஏஜென்சி வழியாத்தான் போகணும்னா மூணு விஷயம் கேளுங்க: பேஷன்ட்டைத் தொட்டுப் பாக்க விடுவாங்களா, அந்த ஹாஸ்பிடல்ல ரெசிடென்சி புரோகிராம் இருக்கா, லெட்டர் ஹாஸ்பிடல் லெட்டர்ஹெட்ல வருமா. மூணுக்கும் எழுத்துல பதில் வராம பணம் கட்டாதீங்க.