துணிக் கிடங்கு பறந்துவிடாதா?

கேள்வி: கடற்படைத் தளத்தில் உதிரிபாகங்கள் வைக்கத் துணி போர்த்திய கிடங்கு கட்டுகிறார்களே, புயல் தூக்கிப் போய்விடாதா?

பதில்: ஷாமியானா என்று நினைத்துவிட்டீர்கள்! இது பாலியஸ்டர் நெசவில் பிவிசி பூசிய துணி. எஃகு வளைவுகளின் மேல் முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுவோம். தொய்ந்தால் காற்றில் படபடத்து, உரசும் இடத்தில் கிழியும். கூரை எடை குறைவு, அதனால் காற்று மேலே தூக்குவதுதான் பெரிய பயம். அஸ்திவாரத்துக்குச் சுமப்பதைவிடப் பிடித்துவைக்கும் வேலைதான் அதிகம்.

துணி துருப்பிடிக்காது, சரி. உப்புக்காற்று போல்ட்டைத் தின்றுவிடுமே! உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த எஃகுதான் வேண்டும். ஒருமுறை யாரோ சாதா போல்ட்டுகளைப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் வெள்ளைத் துணியெல்லாம் துருக்கறை. அப்புறம் ஏணி வைத்து, ஒவ்வொன்றாக நான்தான் கழற்றினேன்.