பித்தப்பையை எடுத்தால் தோள்பட்டை ஏன் வலிக்கிறது?

லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பையை எடுத்து மூன்று நாள் ஆகிறது, வயிற்றைவிட வலது தோள்தான் அதிகம் வலிக்கிறது, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே கதைதான். ஆபரேஷன் ஆன அன்று ராத்திரி, "மேசையில் படுக்க வைக்கும்போது கையை முறுக்கிவிட்டீர்களா?" என்று நர்ஸிடம் சண்டைக்கே போனேன். "அது கேஸ் வலி சார், எழுந்து நடங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அஜீரண வாயுவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. உள்ளே கருவிகள் புழங்க இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைக்கிறார்கள். முடிந்ததும் வெளியே விட்டாலும் மிச்சம் கொஞ்சம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு அடியில் தங்கி அதை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டையின் உணர்ச்சி நரம்பும் கழுத்துப் பக்கம் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. மூளை ஆளை மாற்றிப் பிடித்துத் தோள்மேல் பழி போடுகிறது. அதனால் தோளில் தைலம் தேய்த்துப் பயனில்லை. அரை பாட்டில் தீர்த்தவன் சொல்கிறேன். எனக்கு உட்கார்ந்தால் கூடியது, மல்லாந்து படுத்தால் தணிந்தது. வாயுவை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும்.

தொப்புள் காயம் தனி ரகம். எனக்குப் போட்ட நாலு ஓட்டைகளில் அதுதான் பெரிது, பித்தக்கல்லோடு பையை இழுத்து எடுத்ததும் அந்த வழியாகத்தான். நாலாம் நாள் ஒரு தும்மல் வந்தது பாருங்கள், தையல் பிய்ந்தே விட்டது என்று சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். வலி மாத்திரையில் வீரம் வேண்டாம். ஒரு வேளை தவிர்த்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தேன்.

எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட நேற்றைக்கு இன்று எப்படி என்று பாருங்கள். கூடுதலாக நடந்த நாள் சாயங்காலம் கொஞ்சம் ஏறும், காலையில் இறங்கிவிடும். அது பரவாயில்லை. குறைந்துவந்த வயிற்று வலி திரும்ப ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், குளிர் நடுக்கம், நிற்காத வாந்தி இருந்தாலோ, காயம் சிவந்து சீழ் கோத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலும், மலம் வெளிறினாலும் அப்படியே. பித்தநீர் கசிந்திருக்கலாம், பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம். மூச்சுத் திணறலோடு வரும் நெஞ்சு வலியை மட்டும் 'கேஸ்' என்று ஒதுக்கவே கூடாது, அது அவசரம்.

ஆபரேஷனுக்கு முன் உங்களை உருட்டிப் புரட்டிய அந்தப் பழைய கல் வலி நினைவிருக்குமே. அதே வலி திரும்ப வந்தால், "பைதான் இல்லையே, எப்படி வரும்" என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் "அதே பழைய வலி" என்ற வார்த்தையிலேயே சொல்லுங்கள்.