ராஜேந்திரனையும் கேளுங்க, தண்ணியையும் கேளுங்க

கேள்வி: அக்கா, நாங்க மன்னார்குடி பக்கம், நாலு பசங்க. ஒருத்தன் வீட்ல பிஎஸ்5 இருக்கு, அதுல சிவிலைசேஷன் 7-ங்கற, நாடு கட்டி ஆளற கேம் ஆடுவோம். அதுல சோழர் வர்றாங்க, ஆனா நடு யுகத்துலதான் வர்றாங்க, ராஜராஜனோ ராஜேந்திரனோ தலைவரா இல்ல. அடுத்த டிஎல்சில (காசு குடுத்து வாங்கற கூடுதல் பகுதி) என்னென்ன வேணும்னு ஒரு நோட்டு முழுக்க எழுதி வச்சிருக்கோம், சில பக்கம் இதோட இணைச்சிருக்கேன். கம்பெனிக்கு அனுப்பலாம்னா ஒருத்தன் "நாம சொல்லி அவன் கேக்கவா போறான்"ங்கறான். இன்னொருத்தன் காசு சேத்து இனிமே வர்ற பேக் எல்லாத்துக்கும் இப்பவே முன்பணம் கட்டிடலாம்ங்கறான். எங்கப்பா கடைமடை (வாய்க்கால் போய் முடியற கடைசிப் பகுதி) விவசாயி, இதெல்லாம் வெட்டி வேலைன்னு திட்டுறாரு. எழுதலாமா, எப்படி எழுதணும், காசு போடலாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, எழுதலாம், தாராளமா எழுதலாம். "கேக்கவா போறான்"னு சொல்ற உன் ஃப்ரெண்டுகிட்ட இதைச் சொல்லு. இந்த கேம் 2025 பிப்ரவரில வந்தப்ப நகரத்துக்கு நாமளா பேர் மாத்த முடியாது, ஆட்டம் முடிஞ்சப்புறம் இன்னும் ஒரு டர்ன், இன்னும் ஒரு டர்ன்னு தொடரவும் முடியாது. ஆடறவங்க எல்லா ஊர்லேருந்தும் கேட்டாங்க, விடாம கேட்டாங்க, அந்த வருஷத்துக்குள்ளயே இலவச அப்டேட்ல ரெண்டும் வந்துச்சு, பெரிய மேப்பும் வந்துச்சு. இன்னிக்கு உங்க ஆட்டத்துல ஒரு நகரத்துக்கு மன்னார்குடின்னு பேர் வைக்க முடியுதுன்னா அது யாரோ கேட்டு வாங்குனது.

ஆனா உங்க நோட்டைப் படிச்சப்ப எனக்கு ஒரு குறை தெரிஞ்சுது, அதை நேராவே சொல்லிடுறேன். ராஜேந்திரன் வேணும், புலிக்கொடி வேணும், யானைப்படை வேணும், கல்லணை வேணும், பூம்புகார் வேணும், எல்லாமே பேரு. பேரைப் போட்டா அவங்க ஒரு படம் வரைஞ்சு குடுத்துட்டுப் போயிடுவாங்க. அதை வச்சு ஆடறவன் என்ன செய்வான், எதுக்காக எதை விட்டுக்குடுப்பான், எங்க மாட்டிக்குவான், இது உங்க நோட்டுல ஒரு பக்கத்துலயும் இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில் ஏற்கனவே அந்த கேம்ல உலக அதிசயமா இருக்கே, கட்டி முடிச்சப்புறம் எத்தனை தடவ அதைத் திரும்பிப் பாத்திருப்பீங்க?

ஒண்ணு ஒப்பிட்டுப் பாரு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு டிஎல்சி வந்துச்சு, அதுல திராவிடர்னு ஒரு நாகரிகம், ராஜேந்திரன் பேர்லயே ஒரு கேம்பெய்ன், இப்ப அந்த கேம் பிஎஸ்5-லயும் இருக்கு. அதுல வர்ற சுருள்வாள் வீரன் மத்த வாள்காரன் மாதிரி இல்ல, வேகத்தைச் சேத்து வச்சு வெட்டுவான், அந்த வெட்டு பக்கத்துல நிக்கிறவங்களையும் சேத்து அடிக்கும், அதனால அவனை எப்ப இறக்குறதுன்னு நாம யோசிச்சே ஆகணும். பேரும் நம்ம பேரு, ஆடற விதமும் புதுசு. நீங்க கேக்க வேண்டியது அந்த மாதிரி.

அதுக்கு நீங்க எங்கயும் போக வேணாம், நீங்க இருக்கற ஊரே போதும். கல்லணையில தண்ணி காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரியுது, வெண்ணாத்துல வர்றது நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புல மறுபடி பிரிஞ்சு பாமணியாத்துலயும் கோரையாத்துலயும் போவுது, பாமணியாறுதான் உங்க ஊருக்கு வருது. அந்தத் தலைப்புல போய் நின்னு பாத்திருக்கியா? ஷட்டரை எவ்ளோ தூக்குறாங்கங்கறதுலதான் கீழ எந்த ஊர்ல நடவு, எந்த ஊர்ல புழுதின்னு முடிவாவுது. வழக்கமா ஜூன் 12 மேட்டூர் திறக்கணும், 120 அடி, 93.47 டிஎம்சி நெறஞ்சிருந்தா குறுவை, சம்பா, தாளடின்னு எல்லாத்துக்கும் தெம்பு. அணையில தண்ணி கம்மின்னா முறை வச்சு விடுவாங்க, காவிரிக்குச் சில நாள், வெண்ணாத்துக்குச் சில நாள்னு, அப்ப தலைமடைக்காரன் வயலு நெறஞ்சு வழிய, கடைமடைக்காரன் வாய்க்கால் கரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான். உங்கப்பா அப்படி எத்தனையோ ராத்திரி உக்காந்திருப்பாரு.

இதை அப்படியே கேமுக்குள்ள வை. இதுக்கு முந்தின பாகத்துக்கு 2019-ல வந்த கேதரிங் ஸ்டார்ம் எக்ஸ்பான்ஷன்லயே ஆத்துல வெள்ளம் வரும், வண்டல் படிஞ்சு வயலு செழிக்கும், அணை கட்டலாம், ஆக தண்ணியை வச்சு ஆட்டம் பண்றது அவங்களுக்குப் புதுசு இல்ல. ஆனா அதுல அணை கட்டுனா வெள்ளம் தடுக்கும், கரண்டும் கெடைக்கும், ஆனா தண்ணியைப் பங்கு பிரிக்கறது கிடையாது. நீங்க கேக்குறது இதா இருக்கட்டும்: ஒரு ஆறு, அதுல மேல ஒரு நகரம், கீழ ரெண்டு மூணு நகரம், மேல மதகு கட்டுனவன் ஒவ்வொரு டர்னும் எந்தக் கிளைக்கு எவ்ளோன்னு முடிவு பண்ணணும், தானே வச்சுக்கிட்டா தலைநகரம் கொழிக்கும், கடைமடை நகரத்துல அதிருப்தி ஏறி ஒருநாள் கை விட்டுப் போயிடும். திறக்கறதுக்கு முன்னாடி தூர்வாரலன்னா வாய்க்கால் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமா குறையணும், தூர்வார ஆளும் பணமும் போட்டா அந்த டர்ன்ல படை கட்ட முடியாம போகணும். ஐப்பசி கார்த்திகை மழையில எல்லாம் தலைகீழா மாறி, தண்ணி வேணும் வேணும்னு கேட்ட அதே கடைமடை சம்பாப் பயிரோட முழுகி வடிகால் கேக்கணும். கல்லணைன்னு ஒரு பேரை எழுதறத விட இந்த நாலு வரி அவங்களை உக்காந்து யோசிக்க வைக்கும்னு நான் நம்புறேன். இதுல விவரம் எல்லாம் உங்கப்பாகிட்டதான் இருக்கு. முறை வச்சு விட்டப்ப யாரு ஏமாந்தா, யாரு சமாளிச்சா, மதகைத் தூக்கி இறக்கற லஸ்கர்கிட்ட என்ன பேசுனாங்கன்னு கேளு, அவர் சொல்றதை நோட்டுல எழுதிக்க. திட்டறவர் இதைக் கேட்டா ரெண்டு மணி நேரம் பேசுவாரு.

கோயிலையும் சும்மா கட்டடமா கேக்காதீங்க. 1010-ல குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலோட கல்வெட்டைப் படிச்சா அது ஒரு பேங்க்கு. ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரியணும்னா 96 ஆடு குடுக்கணும், சாவா மூவாப் பேராடுன்னு அதுக்குப் பேரு, ஆட்டை வாங்கிக்கிட்ட இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்கணும், ஆடு செத்தாலும் குட்டி போட்டாலும் கணக்கு 96-லயே நிக்கும். கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாக் குடுத்து, காசுக்கு அரைக்கால், அதாவது வருஷத்துக்கு எட்டுல ஒரு பங்கு வட்டி வாங்கியிருக்காங்க. கோயில்ல ஆடிப் பாடற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை வேற வேற கோயில்கள்லேருந்து கொண்டாந்து குடிவச்சு, ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்லுன்னு எழுதி வச்சிருக்காங்க. இதெல்லாம் நம்பரு தம்பி, கேம் பண்றவனுக்கு நம்பர் கெடச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. போர்ல வர்ற கொள்ளைப் பணத்தை உடனே செலவு பண்றதா, கோயில்ல முதல் போட்டு டர்னுக்கு டர்ன் வட்டி வாங்கறதா, பக்கத்து ஊருக்குக் கடன் குடுத்து அவனைக் கட்டிப்போடறதான்னு ஒரு தேர்வு வை, அது நல்ல ஆட்டம்.

இப்ப ராஜேந்திரன். அவர் தலைவரா வரணும்னு எனக்கும் ஆசைதான், ரொம்ப ஆசை. ஜான்சி ராணி லக்ஷ்மிபாய் டிஎல்சில வந்தாச்சு, அசோகர் ஆரம்பத்துலேருந்தே இருக்காரு, கடாரம் வரைக்கும் கப்பல் அனுப்புன ஆளு இல்லைங்கறது எனக்கும் உறுத்துது. ஆனா "பெரிய ராஜா, அதனால வேணும்"னு எழுதாதீங்க. கங்கை வரைக்கும் படை அனுப்பி ஜெயிச்சவர் அந்தத் தண்ணியைக் கொண்டாரச் சொல்லி கங்கைகொண்ட சோழபுரத்துல சோழகங்கம் ஏரியில விட்டாரு, நீராலான வெற்றித் தூண்னே அதைச் செப்பேட்டுல சொல்லியிருக்கு. அப்ப அவருக்கான தனித்திறமை அங்கயே இருக்கே, தூரத்துல ஒரு நகரத்தைப் பிடிச்சா ஊர்ல ஒரு ஏரி கெடைக்கணும், சுத்தி இருக்கற வயலெல்லாம் விளையணும். நாகப்பட்டினத்தையும் விடாதீங்க. ஸ்ரீவிஜயத்து (இன்னிக்கு சுமத்ரா பக்கம்) ராஜா அங்க சூடாமணி விகாரம்ங்கற புத்த மடம் கட்டறாரு, அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம்ங்கற ஊரையே குடுக்கறாரு, லைடன் செப்பேட்டுல இருக்கு, அதுக்கப்புறம் 1025-ல மகன் அதே ஸ்ரீவிஜயத்து மேல கப்பல் படை அனுப்பறாரு. நேத்து வரைக்கும் கோயில் கட்ட எடம் குடுத்து வியாபாரம் பண்ணவன்கூட எப்ப சண்டை போடறது, போட்டா துறைமுக வருமானம் என்ன ஆவும், இதைவிட என்ன சிக்கல் வேணும் ஒரு ஸ்ட்ராட்டஜி கேமுக்கு?

எழுதறப்ப கன்சோல்ல ஆடறோம்ங்கறத மறக்காம சொல்லு. கம்ப்யூட்டர்காரங்க யாராவது செஞ்சு போட்ட மாட், அதாவது ஆடறவங்களே கேம்ல செய்யற மாற்றம், எறக்கிக்குவாங்க, சோழ ராஜா வேணும்னா அங்க யாராவது செஞ்சுடுவாங்க, உங்களுக்கு கம்பெனி குடுத்தாதான் உண்டு, அதனாலேயே உங்க குரல் முக்கியம். கன்ட்ரோலர்ல ஆடறவனுக்கு எது கஷ்டம்னும் எழுது, மதகுக்கு ஒரு தனி மெனு, அதுக்குள்ள இன்னொரு மெனுன்னு கேட்டா டிவிக்கு எட்டடி தள்ளி உக்காந்து ஆடறப்ப ஒண்ணும் படிக்க முடியாது, ரெண்டு பட்டன்ல முடியற மாதிரி கேளு. நோட்டை முழுசா அனுப்பாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க. ஒரு தடவைக்கு ஒரு ஆசை, அஞ்சாறு வரி, எந்த மெஷின், எந்த யுகம், ஆடறப்ப எந்த எடத்துல இது இல்லாம சப்புன்னு இருந்துச்சுன்னு. இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் பரவால்ல, சின்னச் சின்ன வாக்கியமா எழுது. நாலு பேரும் ஒரே ஆசையை காப்பி அடிச்சு அனுப்பாம ஆளுக்கு ஒண்ணா அனுப்புங்க, சண்டையும் தீந்துடும்.

காசு விஷயத்துல உங்கப்பா பக்கம்தான் நான். என்ன வரப்போவுதுன்னே தெரியாத பேக்குக்கு முன்பணம் கட்டாதீங்க. சோழருக்கு எதுவும் வராம வேற நாலு நாடு வந்தா யாருகிட்ட போய்க் கேப்பீங்க? வந்தப்புறம் என்ன இருக்குன்னு பாத்து, பிடிச்சா சேல்ல போடற வரைக்கும் காத்திருந்து வாங்குங்க. நாலு பேரும் தனித்தனியா வாங்கவும் வேணாம், அந்த பிஎஸ்5-ல கன்சோல் ஷேரிங்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணி வச்சா ஒருத்தன் அக்கவுன்ட்ல வாங்குனதை அந்த மெஷின்ல மத்தவங்களும் அவங்கவங்க அக்கவுன்ட்லேருந்து ஆடலாம். ஆனா வாங்குனது அக்கவுன்ட் வச்சிருக்கறவனுக்குத்தான் சொந்தம், நாளைக்கு அவன் வேலைன்னு திருப்பூருக்கோ சென்னைக்கோ மெஷினைத் தூக்கிட்டுப் போனா உங்க பங்கும் கூடவே போயிடும், அதனால சரிபங்கு போடறதுக்கு முன்னாடி இதை வாய்விட்டுப் பேசிக்கங்க, அவன் பாதி போட்டு மீதிய நீங்க மூணு பேரும் பிரிச்சுக்கறது எனக்கு நியாயமாப் படுது. இன்னொண்ணு, டிஸ்க்கை வெளிநாட்டு சரக்கா எங்கயாவது மலிவா வாங்கியிருந்தீங்கன்னா அது எந்த ரீஜன்னு, அதாவது எந்த நாட்டுப் பகுதிக்கானதுன்னு, கவர்ல பாருங்க. டிஸ்க் ஒரு ரீஜன், டிஎல்சி வாங்கற ஸ்டோர் வேற ரீஜன்னா பிஎஸ்5-ல ஒண்ணோட ஒண்ணு சேராது, காசு போனது போனதுதான்.