காங்கோ சண்டையும் கோபால்ட் விலையும்: 6 லட்சத்தை அங்கே போடலாமா?

கேள்வி: வயது 41. ஓசூரில் வாகனங்களுக்கான சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஊரில் இருந்த நிலத்தை விற்றதில் என் பங்காக 6 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. காங்கோவில் சண்டை நடப்பதால் கோபால்ட் விலை இரண்டு மடங்காகிவிட்டது, மின்வாகனம் பெருகப் பெருக இன்னும் ஏறும், அங்கே சுரங்கம் வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கை வாங்கு என்கிறார் நண்பர். வீட்டுக்கடன் தவணை உட்பட மாதச் செலவு 38,000 ரூபாய். எஸ்ஐபி 9,000 போகிறது. அவசரத்துக்கென்று வங்கியில் 50,000 இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: விலை ஏறியது உண்மைதான். ஏன் ஏறியது என்பதில்தான் உங்கள் நண்பர் தவறுகிறார். அந்தத் தவறு பணத்தைக் கரைக்கக்கூடியது என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கோபால்ட் என்பது சிலவகை மின்வாகன பேட்டரிகளில் சேர்க்கப்படும் உலோகம். உலகில் தோண்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதத்துக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அந்தச் சுரங்கங்கள் நாட்டின் தெற்கே, கோல்வேசி, லிகாசி வட்டாரத்தில் இருக்கின்றன. 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சியாளர்கள் பிடித்த கோமா நகரம் கிழக்கே, அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கோபால்ட் லாரிகளை நிறுத்தியது கிளர்ச்சிப் படை இல்லை, அரசாங்கமே. சந்தையில் சரக்கு தேங்கி, ஒரு டன் விலை 20,000 டாலரைச் சுற்றி வந்து நின்றதும், 2025 பிப்ரவரியில் ஏற்றுமதியை நான்கு மாதம் நிறுத்தினார்கள். அப்புறம் அதை நீட்டித்தார்கள். அக்டோபரில் தடையை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு இவ்வளவுதான் வெளியே அனுப்பலாம் என்ற கோட்டா முறையைக் கொண்டுவந்தார்கள். 2026-க்கும் 2027-க்கும் ஆண்டுக்கு 96,600 டன்தான். 2024-ல் அந்த நாடு எடுத்ததில் பாதிகூட இல்லை. விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது இதனால்தான்.

இப்போது சுரங்க முதலாளியின் இடத்திலிருந்து பாருங்கள். விலை ஏறுகிறது, ஆனால் அவருடைய சரக்கு எல்லையைத் தாண்ட முடியவில்லை. அங்கே சுரங்கம் வைத்திருக்கும் சுவிஸ் நிறுவனம் கிளென்கோர், சீனச் சுரங்கக் குழுமமான சிஎம்ஓசியின் வணிக நிறுவனம் ஐஎக்ஸ்எம் போன்ற பெரிய கைகளே வாடிக்கையாளர்களிடம் ‘எங்கள் சக்திக்கு மீறிய காரணத்தால் ஒப்பந்தப்படி சரக்குத் தர முடியவில்லை’ என்று அறிவிக்க வேண்டி வந்தது. முதலில் லாபம் பார்த்தவர்கள் காங்கோவுக்கு வெளியே ஏற்கெனவே சரக்கு வைத்திருந்தவர்கள். நண்பர் சொல்லும் பங்கை வாங்கினால் கோபால்ட் விலையோடு சேர்த்து அந்த அரசின் அடுத்த உத்தரவையும் வாங்குகிறீர்கள். அங்கே கோபால்ட் பெரும்பாலும் தாமிரத்தோடு சேர்ந்தே வருகிறது. அதனால் அந்த நிறுவனங்களின் லாபத்தைத் தாமிர விலைதான் அதிகம் அசைக்கும்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1978 மே மாதத்தில் இதே கோல்வேசியைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்தார்கள். நாட்டின் பெயர் அப்போது ஜயர். பிரெஞ்சுப் படை பாராசூட்டில் இறங்கித்தான் நகரத்தை மீட்டது. அந்த ஆண்டு மொத்த உற்பத்தி பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பயம் விலையைத் தூக்கிவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பவுண்டு 6.85 டாலராக இருந்த அதிகாரபூர்வ விலை 1979 தொடக்கத்தில் 25 டாலர். வெளிச்சந்தையில் அதற்கும் மேலே. அந்த விலையைக் கண்ட ஒலிபெருக்கித் தயாரிப்பாளர்கள் கோபால்ட் கலந்த காந்தத்தை விட்டு, கோபால்ட் தேவைப்படாத ஃபெரைட் காந்தத்துக்கு மாறினார்கள். மாறியவர்கள் திரும்பி வரவில்லை. 1980-களின் முற்பாதியிலேயே விலை கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இப்போதும் அதே மாற்றம் நடக்கிறது. நெக்ஸான் மின்காரில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, அதில் கோபால்ட் கிடையாது. சீன மின்கார் நிறுவனமான பிஒய்டியின் பிளேட் பேட்டரியும் அப்படித்தான். இந்தோனேசியாவில் நிக்கலோடு சேர்ந்து கோபால்ட்டும் ஏராளமாக வரத் தொடங்கிவிட்டது. மின்வாகனம் பெருகினால் கோபால்ட் விலையும் பெருகும் என்ற கணக்கு இதனால்தான் நிற்காது. 2022-ல் டன்னுக்கு 80,000 டாலருக்கு மேல் போன விலை மூன்றே ஆண்டில் கால்வாசியாக விழுந்ததை நண்பரிடம் சொல்லுங்கள். அந்த மூன்று ஆண்டும் மின்வாகன விற்பனை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

சரி, சண்டை எதையும் தொடவில்லையா என்றால், தொட்டது. தொட்ட இடம் உங்கள் வேலை மேசைக்கு மிக அருகில். கோமா இருக்கும் அதே வடக்கு கிவு மாகாணத்தில் பிசியே என்ற தகரச் சுரங்கம் இருக்கிறது. உலகத் தகரத்தில் சுமார் 6 சதவீதம் அந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது. 2025 மார்ச்சில் எம்23 படை நெருங்கியதும் அதை மூடி ஆட்களை வெளியேற்றினார்கள், தகரம் விலை தாவியது. ஏப்ரலில் படை பின்வாங்கி வேலை மறுபடி தொடங்கியது. அந்தச் செய்தியும் அமெரிக்க வரிச் சண்டையும் சேர்ந்து விலையை இறக்கின. போர்டில் பாகங்களைப் பற்றவைக்க நீங்கள் தினமும் பார்க்கும் ஈயமில்லாத சால்டரில் 95 சதவீதத்துக்கு மேல் தகரம்தான். போர்டில் உட்காரும் சின்னஞ்சிறு டேண்டலம் கப்பாசிட்டருக்கும் காங்கோவோடு தொடர்பு உண்டு. டேண்டலம் என்பதும் ஓர் உலோகம். உலக டேண்டலத்தில் சுமார் 15 சதவீதத்துக்கான கனிமம் அதே மாகாணத்தில் உள்ள ருபாயா என்ற ஊரிலிருந்து வருகிறது. அந்த ஊர் 2024-லிருந்து எம்23 கையில். அங்கே கைக்கருவிகளோடு மண்ணைத் தோண்டும் ஏழைகளுக்கு எந்த விலையேற்றமும் நல்வாழ்வு தரவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நான் கவலைப்படுவது உங்கள் சம்பளத்தைப் பற்றி. காங்கோவில் நடப்பது உங்கள் தொழிற்சாலைக்கு உதிரிபாகத் தட்டுப்பாடாக வந்தால், முதலில் ஓவர்டைம் போகும், பிறகு ஷிப்டு குறையும். அதே நேரத்தில் உங்கள் சேமிப்பும் அதே சங்கிலியின் இன்னொரு கண்ணியில் மாட்டியிருந்தால், இஎம்ஐ கட்ட அடிவிலைக்குப் பங்கை விற்க வேண்டி வரும். கையில் 50,000 என்பது ஒன்றரை மாதச் செலவுகூட வராது. வெளிநாட்டுப் பங்கை விடப் பெரிய ஆபத்து இதுதான்.

ஆகவே முதல் இரண்டரை லட்சத்தை அவசர நிதியில் சேருங்கள். பாதியை வங்கியில் ஸ்வீப் வசதியுள்ள வைப்பில் (சேமிப்புக் கணக்கோடு இணைந்த, வேண்டும்போது எடுக்கக்கூடிய வைப்பு), மீதியை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) வைக்கலாம். ஏற்கெனவே உள்ளதோடு 3 லட்சம் ஆகிவிடும், கிட்டத்தட்ட எட்டு மாதம் வேலையில்லாவிட்டாலும் வீடு நடக்கும். டேர்ம் காப்பீடும் தனி மருத்துவக் காப்பீடும் இல்லையென்றால் மற்ற முதலீட்டுக்கு முன்னால் அவற்றை எடுங்கள். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலை போகும் அன்றே போய்விடும்.

அடுத்து இரண்டரை லட்சத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, ஓராண்டில் தவணை தவணையாக ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றுங்கள். ஏழு ஆண்டுக்காவது தொடாத பணமாக இருக்க வேண்டும். 60,000 ரூபாய்க்குத் தங்க இடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்ட்) வாங்கலாம். உலகம் கலங்கும்போது மற்றவற்றோடு சேர்ந்து விழாமல் இருக்கும் வாய்ப்பு அதற்கு அதிகம்.

மீதி 40,000. நண்பர் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை என்றால் அதை மட்டும் போடுங்கள். அதற்கும் ஒரே சுரங்க நிறுவனத்தின் பங்கு வேண்டாம், பல நாடுகளில் பல உலோகங்கள் எடுக்கும் நிறுவனங்களில் பரவிய ஃபண்டாகப் பாருங்கள். வெளிநாட்டுப் பங்கை நேரடியாக வாங்கினால், எவ்வளவு சின்னத் தொகையானாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 40,000 ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் வீட்டுக்கடன் அசலில் கட்டிவிடுங்கள், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். எஸ்ஐபி 9,000 அப்படியே தொடரட்டும்.